சிவப்பு நாடா கட்டிய வரிசை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை, தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தைக்கக் கொடுக்க வருகிறவர்கள்கூட என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் துணி அவசரமா இல்லையா என்று வாயைத் திறப்பார்கள். அந்தக் கோபத்தால் என் பிள்ளையையே வாரிக் கொடுக்க இருந்தேன். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

வீட்டின் முன்னறை என் தையல் அறை. பின்பக்கம் பத்தடிக்குப் பதினைந்தடி மண். அதில் இரண்டு வரிசை கொடிப் பட்டாணி போட்டிருந்தேன். ஒன்று மதில் ஓரம், இன்னொன்று தண்ணீர் மோட்டார் பக்கம். பட்டாணிக் கொடி ரொம்பப் பிகு பண்ணும். தடித்த கம்பைக் கொடுத்தால் ஏறவே ஏறாது. அதன் சுருள் நுனிக்குப் பிடிக்க மெல்லிசாக ஏதாவது வேண்டும். கம்புகளை நட்டுக் குறுக்கும் நெடுக்கும் சணல் கட்டி வலை மாதிரி செய்து கொடுத்தேன். சரிந்து விழும் கொடியைத் தூக்கிக் கட்ட நாடாவுக்கு என்ன பஞ்சம்? ஓரம் வெட்டிய துணி என் வீட்டில் மூட்டையாகக் கிடக்கிறது. ஒன்றரை மாதத்தில் இரண்டு வரிசையும் என் தோள் உயரத்துக்கு ஏறி, வெள்ளை வெள்ளையாகப் பூத்து, காயும் பிடித்துவிட்டன.

தோலோடு கடித்துத் தின்கிற வகை அது. பச்சையாகத் தின்பதற்கு எங்கள் வீட்டில் ஒரே ஆள் என் மகள். எட்டு வயது. பெயர் எதுவாக இருந்தால் என்ன, நாங்கள் கூப்பிடுவது வாலு என்று. காலையில் அவளும் அவள் அப்பாவும் சேர்ந்து பறிப்பார்கள். ஒரு கையால் கொடியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் காயைக் கிள்ள வேண்டும், வெடுக்கென்று இழுத்தால் கொடியே கையோடு வந்துவிடும். அந்த நிதானம் அவருக்கு உண்டு, எனக்குச் சுத்தமாகக் கிடையாது. வாலு, "இங்க ஒண்ணுப்பா, உங்க மூக்குக்கு நேரா ஒண்ணு" என்று காட்டிக்கொண்டே வருவாள். அவர் கிள்ளிக்கொண்டே வருவார். அப்பனும் மகளும் கொஞ்சிக்கொள்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் வயர்மேன். வீடு வீடாகப் போய் லைட்டு, மின்விசிறி, ஸ்விட்ச் போர்டு எல்லாம் போடுவார். கைராசிக்காரர், அதிகம் பேசாதவர். அவரிடம் எனக்கு ஒரே புகார்தான், கவனம் போதாது. சிவப்பு நூல்கண்டு எடுத்துத் தாருங்கள் என்றால் பழுப்பைத் தூக்கிக்கொண்டு வருவார். போன வருடம் பழுத்த தக்காளி பறிக்கச் சொன்னால், பாதிக்குப் பாதி பச்சைக் காயாகக் கொண்டுவந்து கொட்டினார். "நெனப்பை எங்க அடகு வெச்சீங்க?" என்று கத்துவேன். சிரித்துக்கொண்டே போய் வேறொன்றை எடுத்து வருவார். அதுவும் தப்பாக இருக்கும். நான் இன்னும் கத்துவேன்.

மோட்டார் கதை வேறு. ஸ்விட்சைப் போட்டால் உடனே ஓடுகிற வழக்கம் அதற்குக் கிடையாது. பக்கத்தில் போய் அதன் இரும்பு மண்டையில் ஓங்கி ஓர் அறை விட வேண்டும். கை ஈரமோ, கால் சேறோ, அதெல்லாம் நான் பார்ப்பதில்லை. பட்டென்று ஒன்று வைத்தால் உறுமிக்கொண்டு கிளம்பும். "இந்த வீட்ல என் கையால அடி வாங்காம எதுவும் ஓடாது" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அதன் வயரை எலி கடித்துவிட்டதென்று அவர் புது வயர் போட்டார். நானும் வாலுவும் கடைக்குப் போயிருந்தோம். கரண்டும் இல்லை. வேலையை முடித்துவிட்டு, அப்புறம் ஓட்டிப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டார். ஞாயிறும் திங்களும் மழை பெய்ததால் மோட்டாரை நினைக்க யாருக்கும் அவசியம் வரவில்லை.

மழை விட்டதும் மதில் ஓர வரிசையில் அசுவினிப் பூச்சி வந்துவிட்டது. பச்சைப் பச்சையாக, குண்டூசித் தலை அளவில், கொழுந்து முழுக்க அப்பிக்கொண்டு. சோப்புத் தண்ணீர் தெளித்தேன். குளித்துவிட்டு இன்னும் சுத்தமாக உட்கார்ந்துகொண்டன. சாம்பல் தூவினேன். அசையவில்லை. அக்கம்பக்கத்தில் இரண்டு பேர், பொறுமையாகக் கையால் நசுக்கு, ஒரு வாரத்தில் போய்விடும் என்றார்கள். பொறுமையா, நானா? செவ்வாய்க்கிழமை சாயங்காலம் விறுவிறுவென்று விதைக்கடைக்குப் போய், இருப்பதிலேயே கடுமையான மருந்தாகக் கொடு என்று கேட்டு வாங்கினேன்.

கடைக்காரர் பொட்டலத்தைக் கையில் கொடுக்காமல் பிடித்துக்கொண்டு பேசினார். "ஏழு நாள் அந்தச் செடியில கை வைக்கக் கூடாதுக்கா. கழுவிட்டா போயிடும்னு நெனைக்காதீங்க, இது காய்க்குள்ளயே எறங்கிடும். வீட்ல சின்னப் புள்ளைங்க இருக்கா?"

"ஒண்ணு இருக்கு."

"அப்ப ரொம்ப ஜாக்கிரதை. தப்பித் தவறித் தின்னுட்டா வாயில எச்சில் ஒழுகும், வாந்தி வரும், கண்ணுமணி சுருங்கிடும். அதுக்கப்புறம் மூச்சுத்தான். நேரா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடணும்."

மதில் ஓர வரிசைக்கு மட்டும் மருந்து அடித்தேன். முடித்ததும், என் மூட்டையிலிருந்து சிவப்புத் துணியை நாடா நாடாவாகக் கிழித்து அந்த வரிசையின் ஒவ்வொரு கம்பிலும் கட்டினேன். மோட்டார் பக்கத்து வரிசைக்குப் பச்சை நாடா. என் தொழிலில் எல்லாமே நிறம்தான். இந்தத் திரைக்கு இந்த நூல், அந்தச் சட்டைக்கு அந்தப் பொத்தான். சிவப்பைத் தொடாதே, பச்சையை எடுத்துக்கொள். இதற்கு மேல் ஒரு மனுஷிக்கு எப்படித் தெளிவாகச் சொல்லத் தெரியும்?

ராத்திரி சாப்பாட்டில் சொன்னேன். "சிவப்பு நாடா கட்டின வரிசையை யாராவது தொட்டீங்க, கையை ஒடிச்சு அடுப்புல வெச்சிடுவேன். அது விஷம். பச்சை கட்டினதுல மட்டும்தான் பறிக்கணும்."

வாலு தலையாட்டினாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "எந்தப் பக்கம் சிவப்பு?" என்று கேட்டார்.

நான் மதில் ஓரம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இரண்டே சொல். மறுநாள் காலை பத்து மணிக்கு ஒரு ஹோட்டலுக்கு இருபத்துநான்கு ஜன்னல் திரை கொடுத்தாக வேண்டும், பாதிதான் முடிந்திருந்தது. அந்த எரிச்சலில் இருந்தேன்.

"ஏன், கண்ணு இல்லையா உங்களுக்கு? கம்புக்குக் கம்பு கட்டி வெச்சிருக்கேன், அதைப் பார்க்கத் தெரியாதா?"

வாலு அப்பாவைப் பார்த்தாள். அவர் எழுந்து கை கழுவப் போனார்.

புதன்கிழமை காலை நான் விடிந்ததிலிருந்து மெஷினில். வாலு எழுந்திருக்கத் தாமதம், தலை பின்னிவிடச் சொல்லி வந்து நின்று சிணுங்கிக்கொண்டிருந்தாள், கையால் பின்னிவிட்டுக்கொண்டே காலால் மெஷினை மிதித்தேன். அதனால் அவளுடைய சிற்றுண்டி டப்பாவை அவர் தயார் செய்தார். தோட்டத்துக்கும் அவர் மட்டும்தான் போனார். குழாயடியில் கழுவுகிற சத்தம் கேட்டது. "டப்பால பட்டாணி வெச்சிருக்கேன்" என்று குரல் கொடுத்தார். என் வாயில் குண்டூசி. "ம்" என்றேன். வாலு டப்பாவை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனாள். போகும்போது வழக்கம்போல் வாசலில் குதிக்கவில்லை என்பது எனக்கு அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

ஹோட்டல்காரர் திரைகளை எடுத்துக்கொண்டு போகும்போது மணி பத்து அடித்து நான்கைந்து நிமிடம் இருக்கும். அப்பாடா என்று முதுகை நிமிர்த்திக்கொண்டு, அசுவினி செத்ததா இல்லையா பார்ப்போம் என்று பின்பக்கம் போனேன். செத்திருந்தன. கொழுந்தெல்லாம் கறுத்த பொடியாக உதிர்ந்து கிடந்தன. எனக்கு ஒரே சந்தோஷம். வந்தியா வழிக்கு என்று அதுகளைப் பார்த்து வாய்விட்டே சொன்னேன்.

அப்போதுதான் காம்பு கண்ணில் பட்டது. காய் கிள்ளிய காம்பு. நுனி இன்னும் ஈரமாக இருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. சிவப்பு நாடாவுக்கு நேர் கீழே ஒன்று. நான் எண்ணினேன். பதினொன்று. ஓடிப் போய் மோட்டார் பக்கத்து வரிசையைப் பார்த்தேன். காய்கள் விரல் நீளத்துக்குக் கொழுத்துத் தொங்கின. ஒரு காய்கூடக் குறையவில்லை.

வாயில் எச்சில் ஒழுகும், கண்ணுமணி சுருங்கும் என்று கடைக்காரர் சொன்னது சொன்னபடியே காதில் கேட்டது. வாலுவின் பள்ளியில் பத்தரைக்கு இடைவேளை விடுவார்கள். டப்பாவைத் திறப்பது அப்போதுதான். சுவர்க் கடிகாரத்தில் பத்து மணி எட்டு நிமிடம்.

பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க நாதியில்லை. அவருக்குப் போட்டேன். எடுக்கவில்லை. ஏணியில் நின்றால் எடுக்க மாட்டார், அது நான் போட்ட சட்டம்தான். மறுபடி பள்ளிக்கூடத்துக்கு. மறுபடி அதே மணி. போனை மெஷின் மேலேயே போட்டுவிட்டு ஓடினேன். வீட்டைப் பூட்டினேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பள்ளிக்கூடம் நடந்தால் அரை மணி நேரம். நான் ஓடி இருபது வருடம் ஆகிறது. கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது, சட்டைக் கையில் குத்தி வைத்த குண்டூசிகள் ஒவ்வொரு வீச்சுக்கும் தோளைக் கீறின. தெருவில் ஒருத்தி, "என்ன, வீடு பத்திக்கிச்சா?" என்று கேட்டாள். பதில் சொல்ல மூச்சு இல்லை. மனசுக்குள் ஒன்றே ஒன்றுதான் ஓடியது. தின்னாதேடி. இன்றைக்கு மட்டும் தின்னாதே. கீழே கொட்டிவிடு, யாராவது பிடுங்கிக்கொள்ளட்டும்... ஐயோ, யாராவது பிடுங்கிக்கொண்டால் அதுவும் ஒரு பிள்ளைதானே. நினைப்பைக்கூட நல்லபடியாக நினைக்க வரவில்லை.

மூலை திரும்பும்போது இடைவேளை மணி அடித்தது. பிள்ளைகள் கூச்சல் மதில் தாண்டிக் கேட்டது.

வாசலில் காவல்காரர் நோட்டுப் புத்தகத்தை நீட்டினார். "பேர், நேரம், எதுக்கு வந்தீங்க, எல்லாம் எழுதிட்டுப் போங்கம்மா."

"அண்ணே, என் பொண்ணு டப்பால விஷம் இருக்கு."

"எழுதிட்டுத்தான்..."

"விஷம்ங்கறேன், புத்தகத்தை நீட்டறீங்க! தள்ளுங்க!"

அவர் தள்ளினாரா நான் தள்ளினேனா தெரியாது, உள்ளே இருந்தேன். வகுப்பில் நாலைந்து பிள்ளைகள் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தார்கள். வாலுவின் இடம் காலி. பெஞ்சின் மேல் அவளுடைய நீல டப்பா. திறந்தேன். காலியாக இருந்தது. கழுவித் துடைத்த மாதிரி காலி.

டீச்சர் எழுந்து வந்தார். "என்னம்மா ஆச்சு?"

"இதுல இருந்த பட்டாணி எங்க டீச்சர்? எப்ப சாப்பிட்டா? யார் யார் சாப்பிட்டாங்க?"

"இப்பதான் மணி அடிச்சது. டப்பாவைத் தூக்கிட்டு முதல் ஆளா வெளிய ஓடினா. வெச்சுட்டு மறுபடி ஓடிட்டா. தண்ணிக் குழாய்கிட்ட இருப்பா."

குழாயடியில் இருந்தாள். கையில் ஏந்தித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். வாயெல்லாம் தண்ணீர். எனக்கு அது தண்ணீராகத் தெரியவில்லை. தோளைப் பிடித்துத் திருப்பினேன். என்னைக் கண்டதும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"பட்டாணி எங்கடி?"

அவள் புறங்கையால் வாயைத் துடைத்தாள்.

"பட்டாணி எங்கன்னு கேக்கறேன்! சாப்பிட்டியா?"

என்னைப் பார்த்தாள். என் பின்னால் நின்ற டீச்சரைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்து, மெல்ல, "சாப்பிட்டேம்மா" என்றாள்.

அவளை இடுப்பில் சாய்த்துப் பிடித்து, வாயைத் திறந்து விரலை விட்டேன். வாந்தி எடு, எடுத்துடு கண்ணு, எடுத்துடு என்று கத்தினேன். அவள் என் விரலைக் கடித்தாள், உதைத்தாள், ஓங்கரித்தாள். தண்ணீர்தான் வந்தது. டீச்சர் ஆஸ்பத்திரிக்கு வண்டி கூப்பிட ஓடினார். பிள்ளைகளெல்லாம் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். நான் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்க்க ஓடினேன். அப்போது அவள் வீறிட்டாள்.

"சாப்பிடலம்மா! பொய் சொன்னேன்! சாப்பிடவே இல்ல!"

நின்றேன். எதை நம்புவது? பயத்தில் முதலில் பொய் சொன்னாளா, ஆஸ்பத்திரிக்குப் பயந்து இப்போது பொய் சொல்கிறாளா?

"அப்ப எங்க அது? காட்டு."

மைதானத்து மூலையில் குப்பைத் தொட்டி. நான் அதற்குள் முழங்கை வரை கையை விட்டேன். பழத்தோல், பென்சில் சீவல், எச்சில் காகிதம். அடியில் நோட்டுத் தாளில் மடித்த ஒரு பொட்டலம். பிரித்துத் தரையில் வைத்து எண்ணினேன். ஒன்று, இரண்டு, ஐந்து, ஒன்பது. எண்ணிக்கை தவறியது. மறுபடி முதலிலிருந்து. பதினொன்று. ஒன்றிலும் பல் படவில்லை. போன உயிர் திரும்பி வந்தது. அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவளுடைய கண்ணை விரித்து விரித்துப் பார்த்தேன். நல்ல கறுப்பாக, பெரிதாக, என்னையே பார்த்துக்கொண்டிருந்தது கண்ணுமணி.

"ஏண்டி தூக்கிப் போட்ட? விஷம்னு எப்படித் தெரியும் உனக்கு?"

"எனக்குத் தெரியாதும்மா."

"பின்ன?"

அவள் என் அளவு நாடாவை விரலில் சுற்றிக்கொண்டே தயங்கினாள். "அப்பா தனியாப் பறிச்சார்ல. அதனால."

"தனியாப் பறிச்சா என்ன?"

"அப்பாவுக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணுதாம்மா. ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியுமாம். நான் பக்கத்துல நின்னு சொன்னாத்தான் தெரியும்."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நம்ப முடியவில்லை. யார் சொன்னது என்று கேட்டேன்.

"எனக்குக் கலர் பென்சில் வாங்கிட்டு வந்தாரில்ல? அன்னிக்கு மரம் வரைஞ்சார். இலைக்கெல்லாம் சிவப்பு அடிச்சார். நான் சிரிச்சேன். அப்பா சிரிக்கல. அப்புறம் சொன்னார். அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதேன்னார்."

"ஏன் என்கிட்ட மட்டும்?"

"நீ திட்டுவல்ல."

சாப்பிட்டேன் என்று பொய் சொன்னதற்கும் அதுதான் காரணம். தூக்கிப் போட்டேன் என்றால் ஏன் என்று கேட்பேன், ஏன் என்று சொன்னால் அப்பாவுக்குத் திட்டு விழும். என் திட்டிலிருந்து அப்பாவைக் காப்பாற்ற, விஷம் தின்றதாகச் சொல்லியிருக்கிறாள் என் எட்டு வயதுப் பெண். எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

டீச்சர் கூப்பிட்ட வண்டியை வேண்டாம் என்று அனுப்பிவிட்டு, அவளைக் கையோடு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு நடந்தேன். பொட்டலம் என் கையில். பாதி வழி வரை பயம் தெளிந்துகொண்டே வந்தது. பழைய நூல்கண்டெல்லாம் நினைவுக்கு வந்தது, தக்காளி நினைவுக்கு வந்தது. பாவம், பத்து வருடமாக எத்தனை ஏச்சு வாங்கியிருக்கிறார் என்று மனசு இளகியது. அடுத்த எட்டு வைக்கும்போது அவருடைய வேலை நினைவுக்கு வந்தது. அவர் பையில் சுருள் சுருளாக இருக்கும் வயர் நினைவுக்கு வந்தது. சிவப்பில் ஒன்று, கறுப்பில் ஒன்று, பச்சையில் ஒன்று. சிவப்பில் கரண்ட் வரும், பச்சை மண்ணுக்குப் போகும், இரண்டும் மாறினால் தொட்டவன் கதி அதோகதி என்று கல்யாணமான புதிதில் அவரே எனக்குச் சொல்லித் தந்திருக்கிறார்.

வாலு, "ஏம்மா என் கையை இப்படி நசுக்கற?" என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அவளை மெஷின் பக்கத்திலேயே உட்கார வைத்தேன். நான் ஒரு ஸ்விட்சைத் தொடவில்லை. இந்த வீட்டு வயர் முழுக்க அவர் கை. இத்தனை வருடம் ஒன்றும் ஆகவில்லையே என்று அறிவு சொன்னது. பயத்துக்கு அறிவு சொல்வது காதில் விழுவதில்லை. மத்தியானம் முழுக்க மின்விசிறி இல்லாமல், வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருந்தோம்.

ஐந்து மணிக்கு வந்தார். நான் போட்ட போனைப் பார்த்துத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார், நான் எடுக்கவில்லை. போனில் பேசுகிற பேச்சா அது? பதற்றமாக உள்ளே வந்தவர், மேசையில் நோட்டுத் தாள் மேல் கிடந்த பதினொரு காயைப் பார்த்தார்.

"இது எந்த வரிசையில பறிச்சது?" என்று கேட்டேன்.

"நீ சொன்னதுலதான். பச்சைல."

"சிவப்புல."

அவர் காயை எடுத்தார். பார்த்தார். வாலுவைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அப்படியே தரையில் குந்தினார். "சாப்பிட்டாளா?" என்று கேட்ட குரல் அவர் குரல் மாதிரியே இல்லை.

"இல்ல. நீங்க தனியாப் பறிச்சீங்கன்னு தூக்கிப் போட்டிருக்கா."

கையால் முகத்தை மூடிக்கொண்டார். "எந்தப் பக்கம்னு கேட்டேனே" என்றார். குற்றம் சொல்கிற மாதிரி சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை எனக்கு.

"கேட்டீங்க. நான் வள்ளுன்னு விழுந்தேன். சரி, அது என் தப்பு. இப்ப நான் ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. வயரை எப்படிப் பார்க்கறீங்க?"

"டெஸ்டர் வெச்சுப் பார்த்துத்தான். கரண்ட் வர கம்பியில வெச்சா உள்ள லைட்டு எரியும். நிறத்தை நான் நம்பறதே இல்ல."

"ஒவ்வொரு தடவையுமா?"

அவர் யோசித்தார். "பெரும்பாலும்" என்றார்.

"கரண்ட் இல்லாதப்போ?"

"கரண்ட் இல்லாதப்போ... வாலு பக்கத்துல இருந்தா கேட்டுப்பேன். இல்லன்னா வெளிச்சத்துல புடிச்சுப் பார்ப்பேன். ஒண்ணு கொஞ்சம் மங்கலாத் தெரியும். இத்தனை வருஷத்துல தப்பு வந்ததில்ல."

கரண்ட் இல்லாதபோது. வாலு இல்லாதபோது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பின்பக்கத்தைப் பார்த்தோம்.

"ஞாயித்துக்கிழமை" என்றேன்.

"சரியாத்தான் போட்டிருப்பேன்." எழுந்து விறுவிறுவென்று தோட்டத்துக்குப் போனார். நான் பின்னால் ஓடினேன். பட்டாணி வரிசைக்குப் பக்கத்தில் மோட்டார் சாதுவாக உட்கார்ந்திருந்தது. மண் இன்னும் ஈரம். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, மோட்டாரின் இரும்பு மேல் உள்ளங்கையை வைத்தார்.

"நீ போய் ஸ்விட்சைப் போடு."

"கையை எடுங்க."

"போடுன்னு சொல்றேன்ல. என் வேலையை நானே நம்பலன்னா ஊர்ல யார் நம்புவாங்க?"

"கையை எடுங்கன்னு சொல்றேன்!" நான் கத்திய கத்தலில் மதில் மேலிருந்த காக்கை பறந்து போனது. ஆயுசில் நான் எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன். அன்றைக்குக் கத்தியது ஒன்றுதான் உருப்படியான கத்தல். "உங்க டெஸ்டரை எடுங்க. செருப்பை மாட்டுங்க. கை படாம வெச்சுப் பாருங்க. வாலு, நீ படியை விட்டு எறங்காத!"

என் முகத்தில் என்ன தெரிந்ததோ, கையை எடுத்தார். செருப்பு போட்டுக்கொண்டு, காய்ந்த பலகை ஒன்றை இழுத்து அதன் மேல் ஏறி நின்று, டெஸ்டரின் நுனியை மட்டும் இரும்பில் வைத்தார். நான் ஒரு மரக்கரண்டியை எடுத்து, அதன் காம்பால் ஸ்விட்சைத் தள்ளினேன்.

மோட்டார் ஓடவில்லை. ஓர் உறுமல்கூட இல்லை. டெஸ்டருக்குள் இருந்த சின்ன விளக்கு எரிந்தது.

அவர் டெஸ்டரை எடுத்தார். மறுபடி வைத்தார். மறுபடி எரிந்தது. மோட்டாரின் தலை, பக்கம், கால், வைத்த இடமெல்லாம் எரிந்தது. நான் கரண்டிக் காம்பால் ஸ்விட்சை அணைத்தேன்.

மோட்டார் ஓடவில்லை என்றால் நான் என்ன செய்வேன் என்று அந்த வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும். வெயில் ஏறுகிறதே, பட்டாணி காய்கிறதே என்று நாளைக்குக் காலையில் வெறுங்காலோடு வந்து ஸ்விட்சைப் போட்டிருப்பேன். ஓடாது. ஈரக் கையோடு போய் அதன் மண்டையில் ஓங்கி ஓர் அறை விட்டிருப்பேன். அவர் என் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பலகையிலிருந்து இறங்கி, வரிசைக்கு நடுவில் உட்கார்ந்து, தோள் குலுங்க அழுதார்.

"திட்டு. ஏதாவது திட்டு" என்றார்.

எனக்குத் திட்ட வரவில்லை. பத்து வருடமாக வாய் ஓயாமல் வந்த திட்டு, அன்றைக்கு ஒரு சொல்கூட வரவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "இந்த மாசம் கரண்ட் இல்லாதப்போ எங்கெல்லாம் வேலை பார்த்தீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

விரல் விட்டு எண்ணினார். நான்கு வீடு. இரண்டு வீட்டில் ஆள் இன்னும் குடி வரவில்லை. மீதி இரண்டில் ஒன்றில் கைக்குழந்தை. நினைவுக்கு வந்த நம்பருக்கெல்லாம் அப்போதே போன் போட்டு, மெயினை அணைத்துவிடுங்கள், காலையில் வந்து பார்க்கிறேன் என்று சொன்னார். கைக்குழந்தை வீட்டு நம்பர் மட்டும் கிடைக்கவில்லை. முதலில் அங்கே போகலாம் என்றேன். இருட்டுவதற்குள் போய்விட வேண்டும்.

கிளம்புவதற்கு முன் இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டேன். மதில் ஓரம் போய், ஒவ்வொரு சிவப்பு நாடாவிலும் பெரிய முடிச்சாக இரண்டு போட்டேன். அவரைக் கூப்பிட்டுத் தடவிப் பார்க்கச் சொன்னேன். "முடிச்சு இருந்தா விஷம். வெறும் நாடான்னா நல்லது. மதில் ஓரம் விஷம். மோட்டார் ஓரம் நல்லது." அவர் ஒவ்வொரு முடிச்சாகத் தொட்டுப் பார்த்தார். இதை நேற்றைக்குச் சொல்லியிருந்தால் என்ன என்று அவர் கேட்கவில்லை. நான்தான் என்னைக் கேட்டுக்கொண்டேன்.

மூன்று பேரும் போனோம். அவர் பையை அவர் தூக்கிக்கொண்டார், வாலு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த வீட்டு ஜன்னலில் விளக்கு எரிந்தது. உள்ளே குழந்தை சிணுங்குகிற சத்தமும், அதன் அம்மா ஏதோ சொல்லிச் சிரிக்கிற சத்தமும் கேட்டது. எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்று எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கதவுக்குப் பக்கத்தில் பளபளவென்று புதுக் காலிங் பெல். அவர் போட்டதுதான்.

வாலு வழக்கம்போல் அதை அழுத்தக் கையை நீட்டினாள். நான் அவள் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டு, மரக் கதவை விரல் முட்டியால் தட்டினேன்.